ரஷ் அவர்: ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 3, இரவு

போன் வரவில்லை. ‘ரஷ் அவர்’ போட்டாயிற்று. 1998, பிரெட் ராட்னர் இயக்கம். சீனத் தூதரக அதிகாரியின் மகளை லாஸ் ஏஞ்சலஸில் கடத்துகிறார்கள். ஹாங்காங்கிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் லீயை, அதாவது ஜாக்கி சானை, எஃப்.பி.ஐ. கிட்டவே சேர்ப்பதில்லை. அவரைக் கட்டிமேய்க்கும் வேலை உள்ளூர் போலீஸ் கார்ட்டர் தலையில் விழுகிறது. கார்ட்டர் கிறிஸ் டக்கர். கதை அவ்வளவுதான், அது போதும்.

ஜூலை 4

விமான நிலையக் காட்சியை மறுபடி பார்த்தேன். டக்கர் மூச்சுவிடாமல் பேசுகிறார், சான் புன்னகையோடு நிற்கிறார். லீக்கு ஆங்கிலம் தெரியாதென்று கார்ட்டரே முடிவுகட்டிக்கொள்கிறான். லீ மறுப்பதில்லை. சிரிப்பு வருவது டக்கரின் வசனத்தில் இல்லை, அது முடிந்தபின் லீயின் முகத்துக்குப் போகிற ஷாட்டில். அதை அரை நொடி முன்னால் வெட்டினால் வெறும் சத்தம்தான் மிஞ்சும். இருவருமே சிரிக்கவைக்கப் பார்த்தால் இந்த மாதிரி ஜோடிப் படம் படுத்துவிடும்.

ஜூலை 5

தூக்கமில்லை. ஜாடிகள்.

ஜூலை 6

கிளைமாக்ஸ், சீனக் கலைக் கண்காட்சி. லீ அடியாட்களையும் சமாளிக்கவேண்டும், பழங்கால ஜாடிகளும் உடையக் கூடாது. ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு வேலை: ஒரு கை தடுக்கிறது, மறு கை சாயும் ஜாடியைப் பிடிக்கிறது. முழங்கால் மடிந்து முதுகு பின்னால் சாய்வதால்தான் ஜாடியின் கனம் நமக்குத் தெரிகிறது. வெறும் சண்டையில் இந்தப் பதைப்பு வராது.

குறை எடிட்டிங்கில். அடிப்பவனும் அடி வாங்குபவனும் ஒரே ஃபிரேமில் இருக்கவேண்டும். ஹாங்காங்கில் ஷாட் மாறும்போது அடி விழும் கணத்தை இரண்டு மூன்று ஃபிரேம் பின்னுக்கு இழுத்து மறுபடி காட்டுவார்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் மூன்று என்றால் எட்டில் ஒரு பங்கு நொடி. கண்ணுக்கு அது இரண்டு அடியாகத் தெரியாது, பலத்த ஒரே அடியாகத் தெரியும். இங்கே பல இடங்களில் அடி விழும்போதே வெட்டிவிடுகிறார்கள், வேகம் இருக்கிறது, வலி இல்லை. சானே இயக்கிய 1985இன் ‘போலீஸ் ஸ்டோரி’ ஷாப்பிங் மால் சண்டையை அடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஜூலை 7

வரவில்லை.

ஜூலை 8

கொஞ்சம் தெம்பு. இசை லாலோ ஷிஃப்ரின். 1973இன் ‘என்டர் தி டிராகன்’ இசையும் அவரே. அதில் சான் புரூஸ் லீயிடம் அடி வாங்கும் அடியாட்களில் ஒருவர். அருமையான பொருத்தம்.

பில்லியர்ட்ஸ் கூடச் சண்டையும் நல்ல சண்டை. கறுப்பினத்தவர் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் வணக்கத்தைக் கார்ட்டர் சொல்ல, அர்த்தம் தெரியாமல் லீ அப்படியே திருப்பிச் சொல்ல, அடிதடி கிளம்புகிறது. கையில் கிடைத்த கோலும் ஸ்டூலும்தான் ஆயுதம். அடிப்பதில் லீக்கு ஆசையே இல்லை, வெளியே போகத்தான் வழி தேடுகிறார். அதனால்தான் நாம் அவர் பக்கம்.

ஜூலை 9

மாபெரும் படம் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் கடைசி டைட்டிலோடு ஓடும் தவறிய டேக்குகளுக்காகவாவது எழுந்து போகாமல் இருக்கவேண்டும். சானுக்கு ஆங்கில வசனம் நாக்கில் புரளவில்லை, டக்கருக்குச் சீனம் வரவில்லை. அப்புறம் 2001இல் வந்த இரண்டாம் பாகத்தில் இடம் மாறுகிறது, ஹாங்காங்கில் கார்ட்டர்தான் அந்நியன். அதில் மூங்கில் சாரச் சண்டையும் உண்டு.