வால்கிரி வீடு மாறியது

2011-ல் முதல்முறை டேட்டன் போனபோது வால்கிரி விமானத்தைப் பார்க்காமலே திரும்பினேன். ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரில்தான் அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய ராணுவ விமான அருங்காட்சியகம். உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. ஆனால் நான் எதைப் பார்க்கப் போனேனோ அந்த எக்ஸ்பி-70 வால்கிரி என்ற சோதனைக் குண்டுவீச்சு விமானம் மட்டும் அங்கே இல்லை. பழைய ஓடுபாதைப் பக்கம், விமானப்படைத் தளத்தின் காவலுக்குள் இருந்த வேறொரு ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நின்றிருந்தது. அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்தால் பேருந்தில் கூட்டிப்போவார்கள். முந்தி வந்தவர்களுக்குத்தான் இடம். கொலம்பஸிலிருந்து நாங்கள் கிளம்பியதே தாமதம். போய்ச் சேர்ந்தபோது அன்றைய பேருந்துகள் எல்லாம் நிரம்பியிருந்தன.

ஏழு வருஷம் கழித்து, 2018 கோடையில், சித்தப்பாவுடன் மறுபடி போனேன். அவர் இந்திய விமானப்படையில் இருபது வருஷம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்ப்பவராக, இருந்தவர். இப்போது பேருந்தும் வேண்டாம், பெயர் பதிவும் வேண்டாம். 2016 ஜூன் 8-ம் தேதி நான்காவது கட்டடத்தைத் திறந்து, தளத்துக்குள் இருந்த விமானங்களை எல்லாம் அங்கே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தத் தேதியைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த அருங்காட்சியகத்தின் ஜாதகம். 1923-ல் டேட்டன் நகரை ஒட்டிய மெக்குக் ஃபீல்டு என்ற விமானத் தளத்தில், ஒரு ஹேங்கரின் மூலையில் ஆரம்பித்தது. 1927-ல் ரைட் ஃபீல்டுக்குப் போனது. முப்பதுகளில் சொந்தமாகக் கட்டடம் கிடைத்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் அந்த இடம் அலுவலகத்துக்குத் தேவைப்பட, காட்சிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஐம்பதுகளில் பேட்டர்சன் ஃபீல்டில் ஒரு பழைய கட்டடத்தில் மறுபடி திறந்தார்கள். உள்ளே இடம் போதாமல் பெரிய விமானங்கள் எல்லாம் வெட்டவெளியில் நின்றன. மழை, பனி, வெயில் எல்லாம் அவற்றின் மேல்தான். இப்போதைய இடத்தில் புதுக் கட்டடம் வந்தது 1971-ல். அந்த செப்டம்பரில் அதிபர் நிக்சன் வந்து திறந்துவைத்தார்.

அந்த 1971 இடமாற்றத்தின் நாயகன் பி-36 என்ற குண்டுவீச்சு விமானம். ஆறு பிஸ்டன் இன்ஜின், நாலு ஜெட் இன்ஜின், இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 70 மீட்டர். 1959 ஏப்ரல் 30-ம் தேதி இது இங்கே பறந்துவந்து இறங்கியதுதான் உலகத்தில் பி-36 ரகத்தின் கடைசிப் பறப்பு. பன்னிரண்டு வருஷம் கழித்து, புதுக் கட்டடத்துக்குள் முதலில் வைத்ததும் இதைத்தான். வீடு மாறும்போது பீரோவை முதலில் ஏற்றுவோம் இல்லையா, அதே கணக்கு. பெரியதை நிறுத்திவிட்டால் மற்றவற்றை அதன் இறக்கைக்கு அடியிலும் வாலுக்குப் பின்னாலும் செருகிவிடலாம். அதன்பின் 2003-ல் மூன்றாவது கட்டடம் வரும்வரை பி-36 அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

சித்தப்பா அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். "பறக்குற விமானத்தை நகர்த்துறது வேற, ஓய்வு பெற்ற விமானத்தை நகர்த்துறது வேற" என்றார். பறக்கும் விமானத்துக்கு ஹைட்ராலிக் பிரஷர் இருக்கும். ஆள் காக்பிட்டில் உட்கார்ந்து பிரேக் பிடிக்கலாம். பல வருஷம் நின்றுபோனதற்கு அந்தத் தெம்பெல்லாம் இருக்காது. முன்னால் இழுக்கும் டிராக்டர்தான் அதற்கு பிரேக்கும். தரை கொஞ்சம் சரிவாக இருந்தாலும் பின்னாலிருந்து அத்தனை டன்னும் டிராக்டரைத் தள்ளும். அதனால் நடக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. டிராக்டர் ஓட்டுபவருக்கு இறக்கை நுனி தெரியாது. இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஆள், வாலில் ஒரு ஆள், கையில் விசில். சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு கூடவே நடக்க இன்னொருவர். யார் விசில் ஊதினாலும் உடனே நிறுத்த வேண்டும். ஏன் என்று கேள்வி கேட்பதெல்லாம் நின்ற பிறகுதான்.

"மூக்குச் சக்கரத்தை அளவுக்கு மேல திருப்பினா கால் முறிஞ்சிரும். அதுக்குத்தான் இழுக்குற பார்ல ஒரு ஷியர் பின் வெச்சிருப்பாங்க. விமானத்துக்கு அடிபடுறதுக்கு முன்னாடி அந்தப் பின் உடையணும்." அவர் வேலை பார்த்த ஒரு தளத்தில், ஒரு ராத்திரி அவசரத்தில் வளைத்துத் திருப்பி அந்தப் பின் முறிந்ததாம். சின்ன 'டக்' சத்தம்தான். "அந்தச் சத்தம் இன்னிக்கும் காதுல இருக்குடா. பின் உடையலைன்னா என்ன ஆயிருக்கும்னு அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல."

சின்னச் சின்ன விமானங்களை வேகமாகக் கடந்து நான்காவது கட்டடத்துக்குள் நுழைந்தோம். சுமார் 2,24,000 சதுர அடி. 4 கோடியே 8 லட்சம் டாலர் செலவு, அதுவும் அரசுப் பணம் இல்லாமல் நன்கொடையில் கட்டியது. எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்களும் ராக்கெட்டுகளும். எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளை வெளேர் என்று, கொக்கு கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல, வால்கிரி.

புகைப்படத்தில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் நேரில் அது வேறு. 56 மீட்டர் நீளம். வாலில் ஆறு இன்ஜின்களின் வாய் வரிசையாக. ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் பறப்பதற்காகச் செய்தது. பறக்கும்போது இறக்கையின் நுனிகளைக் கீழ்நோக்கி மடக்கிக்கொள்ளும். 1965 அக்டோபர் 14-ம் தேதி மாக் 3-ஐ, அதாவது அந்த மூன்று மடங்கு வேகத்தைத், தொட்டது இதே விமானம்தான். அந்தப் பறப்பிலேயே இறக்கை விளிம்பில் ஒரு துண்டு பிய்ந்து போனது. அதற்குப் பிறகு இதை மாக் 2.5-க்கு மேல் ஓட்டவில்லை.

செய்ததே இரண்டு விமானம். இரண்டாவது 1966 ஜூன் 8-ம் தேதி விபத்தில் அழிந்துபோனது. புகைப்படம் எடுப்பதற்காக ஐந்து விமானங்கள் நெருங்கிப் பறந்தபோது, ஜோ வாக்கர் ஓட்டிய எஃப்-104 போர் விமானம் வால்கிரியின் இறக்கையில் மோதியது. வாக்கர் இறந்தார். வால்கிரியில் இருந்த இருவரில் ஆல் ஒயிட் காயத்தோடு தப்பினார், கார்ல் கிராஸ் தப்பவில்லை. மிஞ்சிய ஒன்று புதுவீட்டில் மக்கள் பார்வைக்கு வந்த நாள், சரியாக ஐம்பது வருஷம் கழித்து அதே ஜூன் 8. அப்படித் திட்டமிட்டார்களா, தானாக அமைந்ததா, எதுவாக இருந்தாலும் அதன் முன்னால் நின்றபோது எனக்கு இறந்துபோன அந்த இரண்டு பேரின் நினைவுதான் வந்தது.

மிஞ்சிய வால்கிரி 1969 பிப்ரவரி 4-ம் தேதி டேட்டனுக்குப் பறந்து வந்தது. அதுவே கடைசிப் பறப்பு. அதற்குப் பிறகு அது போன தூரம் எல்லாம் தரையில்தான். 2015 அக்டோபரில் ஹேங்கரிலிருந்து வெளியே எடுத்து இந்தக் கட்டடத்துக்கு இழுத்து வந்தார்கள். ஒரு காலத்தில் மணிக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல் போனதற்கு, பக்கத்திலேயே ஆட்கள் நடந்து வந்த பயணம் அது.

சித்தப்பா கயிற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்துவிட்டார். "டயரைப் பாரு" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வால்கிரியின் டயர் கறுப்பு இல்லை, வெள்ளி நிறம். மாக் 3-ல் விமானத்தின் தோலே கொதிக்கும். உள்ளே மடங்கியிருக்கும் சக்கரமும் வேகும். அந்தச் சூட்டைத் தாங்குவதற்காக அப்படிச் செய்த டயர். நான் மூக்கையும் இறக்கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எடை இறங்கும் இடத்தைப் பார்த்தார்.

அடுத்து அதிபர்களின் விமானங்கள். இவையும் முன்பு அந்தக் காவலுக்குள் இருந்தவை. ரூஸ்வெல்ட்டுக்காகச் செய்த 'சேக்ரட் கவ்' விமானத்தில், அவரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி இறக்க ஒரு லிஃப்ட் உண்டு. 1947 ஜூலை 26-ம் தேதி ட்ரூமன் அதே விமானத்தில் உட்கார்ந்துதான் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். விமானப்படை தனிப் படையானது அந்தச் சட்டத்தால்.

26000 என்ற வால் எண் கொண்ட போயிங் விமானத்துக்குள் நாமே ஏறி நடக்கலாம். இரண்டு பக்கமும் கண்ணாடித் தடுப்பு. நடுவில் ஒருவர் ஒடுங்கிப் போகும் வழி. கென்னடி டல்லாஸுக்குப் போனது இதில்தான். 1963 நவம்பர் 22 அன்று ஜான்சன் பதவியேற்றதும் இதற்குள்தான். கென்னடியின் சவப்பெட்டி சரக்கோடு சரக்காகக் கீழே போகக் கூடாது என்று பின்பக்கம் இருக்கைகளைக் கழற்றி, தடுப்புச் சுவரையும் அறுத்து இடம் செய்தார்கள். அந்த இடத்தருகே வந்ததும் எங்களுக்கு முன்னால் போன குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டது. குழந்தைகூட.

2011-ல் பேருந்து கிடைக்காமல் திரும்பிய எத்தனையோ பேரில் நான் ஒருவன். பாதுகாப்புக் காரணங்கள் எனக்குப் புரியும். ஆனாலும் இந்த இருக்கைகள் இல்லாத இடத்தை வாசலில் பெயர் எழுதாமல், நேரக்கெடு இல்லாமல் நின்று பார்க்க முடிவதற்காகவே அந்த நாலு கோடி டாலர் தகும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, கட்டடங்கள் வழியே திரும்பி நடந்து இரண்டாம் உலகப்போர்க் கூடத்தில் மெம்ஃபிஸ் பெல். பல வருஷம் மெம்ஃபிஸ் நகரில் நின்று நைந்துபோன பி-17 குண்டுவீச்சு விமானம் அது. 2005-ல் பிரித்து லாரியில் கொண்டுவந்தார்கள். செப்பனிட்டு முடிக்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. நாங்கள் போவதற்குச் சில வாரம் முன்பு, 2018 மே 17 அன்றுதான், அதன் குழுவினரின் 25-வது தாக்குதல் பறப்பின் 75-ம் ஆண்டில், பார்வைக்கு வைத்திருந்தார்கள். சித்தப்பா அதன் வயிற்றுத் தகட்டில் இருந்த ரிவெட் வரிசை ஒன்றை முன்னிருந்து பின்வரை கண்ணாலேயே தடவிக்கொண்டு போனார். "கை சுத்தம்" என்றார்.

ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். நாலே முக்காலுக்கு அறிவிப்பு வந்தது. "அந்த டயரை இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, முட்டிவலியோடு அந்த மனிதர் நான்காவது கட்டடத்தை நோக்கி வேகமாக நடக்க ஆரம்பித்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.