தைப்பூசத்தன்னிக்கு கோர்ட் தேதி

கோர்ட்ல இருந்து வந்த பேப்பரப் பிரிச்சதும் நெஞ்சு திக்குன்னுச்சு, கார் இடிச்ச கேஸுக்கு விசாரணைத் தேதி போட்டிருக்காங்க, பாத்தா தைப்பூசம்! காவடி எடுக்குறதா வேண்டிக்கிட்டு விரதத்துக்கு தயாராகிட்டு இருக்கேன். தமிழ்நாட்டுல 2021-ல இருந்து அன்னிக்கு அரசு லீவு, நான் இருக்குற தென்னாப்பிரிக்கா டர்பன்ல அது சாதாரண வேலை நாள்.

ஊர்ல அப்பாவோட வயக்காட்டு கேஸுக்கு வக்கீல் குமாஸ்தா உள்ள போயி வாய்தா வாங்கிட்டு வந்துருவாரு, நாங்க டீ குடிச்சிட்டு பஸ் ஏறிருவோம். இங்க வாய்தாவ உரிமையா கேக்க முடியாது, அது கோர்ட் பாத்து குடுக்குற சலுகைன்னு இந்த நாட்டு அரசியல் சாசன கோர்ட்டே சொல்லியிருக்கு. தகுந்த காரணம் இருக்கணும், காரணம் தெரிஞ்ச உடனே கேக்கணும், எதிர்த்தரப்புக்கு என்ன பாதிப்புன்னும் பாப்பாங்க.

மாஜிஸ்ட்ரேட் கோர்ட் சிவில் கேஸ்னா மொதல்ல எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுதிக் கேளுங்க. ஒத்துக்கிட்டா அத எழுத்துல வாங்கி கோர்ட் கிளார்க்கிட்ட தாக்கல் பண்ணணும். ஒத்துக்கலன்னா மனு, கூடவே காரணத்தச் சொல்லி ஒரு அஃபிடவிட். அஃபிடவிட்டுக்கு போலீஸ் ஸ்டேஷன்லயே சத்தியம் பண்ணி கையெழுத்துப் போடலாம், காசு கிடையாது. மனு குடுத்தாச்சேன்னு வீட்ல மட்டும் இருந்துராதீங்க, புது தேதி உறுதியாகலன்னா பழைய தேதிக்கு போயி நின்னே ஆகணும், பிரதிவாதி வரலன்னா அவருக்கு எதிரா தீர்ப்பே ஆயிரலாம். வாய்தா கிடைச்சாலும் அந்த நாள் வீணான செலவ கேட்டவங்க தலைல கட்டவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு.

காவடிங்கிற காரணத்த ஏத்துக்குவாங்களான்னு பயமாத்தான் இருந்துச்சு. இங்க ஸ்கூல்ல ஒரு தமிழ்ப் பொண்ணு மூக்குத்தி போட்ட விஷயம் அரசியல் சாசன கோர்ட் வரைக்கும் போயி 2007-ல அந்தப் பொண்ணு பக்கம் தீர்ப்பாச்சு, அத நெனச்சுதான் தைரியமா எழுதினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் என்னைய கோயிலுக்கு கூட்டிட்டுப் போயி, நான் விரதம் இருந்து காவடி எடுக்குறேன்னு லெட்டர் வாங்கிக் குடுத்தாங்க. அவங்களுக்கு தமிழ் பேச வராது, முருகன் பாட்ட இங்கிலீஷ் எழுத்துல வச்சுப் படிக்கிறாங்க, ஆனா விரதத்துல ஒரு சின்னக் கொறை வைக்க மாட்டாங்க. கண் கலங்கிருச்சு எனக்கு.

எதிர்த்தரப்பு ஒத்துக்கிட்டாங்க, தேதி மாறிருச்சு. டர்பன் பழகிப்போச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன், ஆனா தை பொறந்தா எங்க ஊரு பாதயாத்திரைக் கூட்டமும் ரோட்டோரப் பந்தல்ல குடுக்குற நீர்மோரும்தான் கண்ணுக்குள்ள நிக்குது.

ஆனாலும் மனசு ஆறல. மெட்ராஸ்ல இருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு நம்மாளுங்கள ஏத்திக்கிட்டு ட்ரூரோங்கிற மொதக் கப்பல் இங்க வந்து சேந்தது 1860 நவம்பர் 16. அப்ப இருந்து நம்மாளுங்க கரும்பு வெட்டி, கோயில் கட்டி, தலமுறை தலமுறையா காவடி எடுக்குறாங்க. வருஷத்துக்கு 12 அரசு லீவு இருக்குற நாட்டுல, தைப்பூசம் அதுல இல்ல. மொரீஷியஸ்ல குடுக்குறாங்க. டர்பன் இருக்குற இந்த குவாசுலு-நட்டால் மாகாணத்துல மட்டுமாவது கோர்ட்டுங்க அன்னிக்கு தேதி போடாம இருக்கலாம்ல?