பழைய ரீபிரீதரில் முதலில் எதை மாற்றுவது?

ரீபிரீதர் என்பது விட்ட மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கி, ஆக்சிஜன் சேர்த்து, மீண்டும் மூச்சுக்கே தரும் டைவிங் கருவி. பழைய ரீபிரீதரை சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது புதுத் திரையைத்தான். கலர் டிஸ்ப்ளே போட்டுத் தர முடியுமா? போடலாம். ஆனால் அதில் தெரியும் எண்ணைக் கொடுப்பது ஆக்சிஜன் செல், அதாவது ஆக்சிஜன் அளவுக்கேற்ப மின்னழுத்தம் தரும் சென்சார். செல் பொய் சொன்னால் புதுத் திரை அதே பொய்யைக் கலரில் காட்டும், அவ்வளவுதான். அதனால் யூனிட்டை மேஜையில் வைத்ததும் மின்னணுப் பக்கம் நான் போவதில்லை, மவுத்பீஸில்தான் கை வைப்பேன்.

அதன் இரு பக்கமும் மெல்லிய ரப்பர் வால்வு ஒவ்வொன்று உண்டு. மூச்சு ஒரே திசையில் சுற்றுவது அவற்றால்தான். வாய்க்கு மூச்சு கொண்டுவரும் குழாயின் முனையை உள்ளங்கையால் அடைத்து உறிஞ்சினால் எதுவும் வரக்கூடாது. வெளியேறும் குழாயை அடைத்து ஊதினால் எதுவும் போகக்கூடாது. கசிந்தால், விட்ட மூச்சு, கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் பக்கமே போகாமல் வாய்க்குத் திரும்பும். கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும், ஆக்சிஜன் அளவோ சரியாகவே காட்டும். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த யூனிட் என்றால் ரப்பரின் ஓரம் சற்றே சுருண்டிருக்கும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். மாற்ற ஆகும் செலவு அற்பம். இதைக் கேட்டு யாரும் வருவதில்லை.

அப்புறம் செல். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது தேய்ந்துகொண்டுதான் இருக்கும். காற்றில் 10 மில்லிவோல்ட் தரும் செல், 1 பார் தூய ஆக்சிஜனில் சுமார் 48 தர வேண்டும். தந்தால் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். சிக்கல் அதற்கு மேலேதான். வயதான செல் 1.2 பார் அளவில் முட்டி நின்றுவிடலாம். செட்பாயிண்ட், அதாவது யூனிட் தக்கவைக்க வேண்டிய ஆக்சிஜன் அழுத்தம், 1.3 என்றால், இன்னும் போதவில்லை என்று கணக்குப் போட்டு யூனிட் ஆக்சிஜனை உள்ளே விடும் மின் வால்வான சோலினாய்டைத் திறந்துகொண்டே இருக்கும். மூன்று செல் இருக்கிறதே என்பார்கள். மூன்றும் ஒன்றாக வாங்கியவை என்றால், முடங்கிய இரண்டும் ஒத்துப்போய், உண்மையைச் சொல்லும் ஒன்றை ஓரங்கட்டிவிடும். அதனால் சிறிய அழுத்தக் கலனில் தூய ஆக்சிஜனில் வைத்து 1.6 பார் வரை ஏற்றிப் பார்க்கிறேன். 76 மில்லிவோல்டுக்குப் பக்கத்தில் வராத செல் குப்பைக்கு. மூன்றையும் வெவ்வேறு மாதங்களில் மாற்றவும் சொல்கிறேன்.

நான் தயங்காமல் பரிந்துரைக்கும் பெரிய மாற்றம் பெயில்-அவுட் வால்வு. கார்பன் டை ஆக்சைடு ஏறி மூச்சு வாங்கும்போது மவுத்பீஸைக் கழற்றி இன்னொன்றைக் கவ்வ முடியாது. இதில் ஒரு திருகலில் திறந்த சுற்றுக்கு, அதாவது சிலிண்டரிலிருந்து நேரே மூச்சிழுத்துத் தண்ணீரில் விடும் முறைக்கு, மாறிவிடலாம். ஆனால் பொருத்துவதோடு வேலை முடியாது. இதை யூனிட்டிலேயே உள்ள 3 லிட்டர் சிலிண்டரில் இணைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 200 பாரில் அது 600 லிட்டர். 40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 5 பார். மூச்சிரைப்பவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் அங்கே 200 லிட்டர் போகும். சிலிண்டர் முழுதாக இருந்தாலே மூன்று நிமிடம்தான். மேலே வரவே பத்தாது. பக்கவாட்டில் தொங்கும் பெரிய சிலிண்டரிலிருந்து குழாய் வர வேண்டும். எடை கூடும், மவுத்பீஸ் தாடையை இழுக்கும், மூச்சுத் தடையும் கொஞ்சம் ஏறும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மவுத்பீஸைத் தலையோடு கட்டும் பட்டையையும் கையோடு போட்டுவிடுவேன். நினைவு தப்பினாலும் அது வாயில் தங்க உதவும். அசௌகரியம் என்று சிலர் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இன்னொரு நிறுவனத்தின் பாகத்தை மாட்டினால், யூனிட் எந்த அமைப்பில் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றதோ அந்த அமைப்பு இனி இல்லை. ஐரோப்பியத் தரமான இஎன் 14143-இன்படி சோதித்தது முழு யூனிட்டை. உதிரிபாகமே கிடைக்காத பழைய மாடல்களைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை அழுத்தச் சோதனை, வெற்றிடச் சோதனை இரண்டும் முடித்துத்தான் கொடுக்கிறேன். திரையைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.