தள்ளுபடி ஒன்லைன் கடையிலிருந்து காசைத் திருப்பி எடுப்பது: திருகோணமலை அனுபவம்

திருகோணமலை நகரில் கொமினிகேஷன் கடை வைத்திருப்பதால் இந்த வேலை தினமும் எங்கள் மேசைக்கு வருகிறது. ரிட்டர்ன் லேபல் அச்செடுக்க, வங்கிப் படிவம் நிரப்ப, முறைப்பாட்டுக் கடிதம் தட்டச்சு செய்ய என்று உப்புவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். காசு கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: கிடைத்தவர்கள் திகதியைக் கைவிடவில்லை. “24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் அறிவிப்போம்” என்று கடையின் சட்டில் (செயலியிலுள்ள அரட்டைப் பெட்டியில்) வரும் பதிலை நம்பிக் காத்திருந்தால், அதே பதில் இரண்டு மூன்று முறை வருவதற்குள் ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிடும். அதன்பிறகு வருகிற பதில் மிகவும் மரியாதையாக இருக்கும். காசு மட்டும் வராது.

ஆகவே பார்சல் கைக்கு வந்த அன்றே மூன்று திகதிகளைக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது கடையின் ரிட்டர்ன் காலம். பெரும்பாலும் ஏழு அல்லது பதினான்கு நாள். ‘டிலிவர்ட்’ என்று அவர்களுடைய சிஸ்டத்தில் பதிந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். நீங்கள் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து அல்ல. இரண்டாவது, கார்டில் கட்டியிருந்தால் வங்கியூடாகக் கொடுப்பனவை மறுக்கும் காலம். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் இது பொதுவாக 120 நாள். மூன்றாவது, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதும் காலம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதற்கு மூன்று மாதம் தருகிறது, அதுவும் விற்பனை நடந்ததிலிருந்து. வெளிநாட்டிலிருந்து வரும் மலிவுப் பொருள் வந்துசேரவே ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும் என்பதால் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எங்கள் பகுதியில் சிக்கல் ஓடர் போடும்போதே, முகவரியில் தொடங்கிவிடுகிறது. நமக்குப் பழகியபடி “நாலாம் கட்டை” (நாலாவது மைல்) என்று மட்டும் எழுதினால் கூரியர்காரருக்கு விளங்காது. கண்டி வீதியிலும் கட்டைக் கணக்கு உண்டு, நிலாவெளி வீதியிலும் உண்டு. வீதியின் பெயர், கட்டை, பக்கத்திலுள்ள கோயில் அல்லது பாடசாலை, தபால் குறியீடு 31000 என்று முழுதாக எழுதுங்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளிக்காரர் தங்கள் ஊர்த் தபால் குறியீட்டையே கொடுக்க வேண்டும். நகரத்துக் குறியீட்டைப் போட்டால் பார்சல் நகரக் கிளையிலேயே கிடந்துவிட்டு “முகவரி தவறு” என்று கொழும்புக்குத் திரும்பும்.

ஒரு அழைப்பும் வராமலே “வாடிக்கையாளர் தொலைபேசிக்குப் பதிலளிக்கவில்லை” என்று, பார்சலின் நிலையைக் காட்டும் ட்ரக்கிங்கில் விழுவதும் வழக்கம். அன்றே போனின் அழைப்புப் பட்டியலை, அந்த நாள் முழுவதும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். ட்ரக்கிங் பக்கத்தில் அந்த வரி பதிவான நேரத்தையும் எடுங்கள். இரண்டையும் சேர்த்து அனுப்பி, “எந்த எண்ணிலிருந்து எத்தனை மணிக்கு அழைத்தீர்கள்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குச் சட்டில் தயார்ப் பதில் கிடையாது. அதனால் கூரியர் கிளைக்கு உண்மையிலேயே ஒரு அழைப்புப் போகும். பணம் முற்கூட்டியே கட்டிய ஓடர் என்றால் இது முக்கியம். பார்சல் திரும்பிப் போனபின் “வாங்க மறுத்தார்” என்று பதிந்துவிட்டால் டிலிவரிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள்.

பெட்டியைத் திறக்கும் வீடியோ இல்லாமல் வாதாடுவது கடினம். ஒரே தொடராக, இடையில் நிறுத்தாமல் எடுங்கள். முதலில் வேபில் (கூரியரின் பார்சல் பதிவு) இலக்கம் வாசிக்கக்கூடியதாக லேபல், பிறகு பெட்டியின் ஆறு பக்கமும், ஒட்டிய டேப், அதை வெட்டுவது, உள்ளே உள்ள ஒவ்வொரு பொருளும், தொடரிலக்கம், கடைசியாக மின்னிணைப்புக் கொடுத்து இயக்குவது. வீடியோத் தரம் 720பி போதும், அதற்குமேல் போனால் கோப்பு பெரிதாகி, அனுப்பும் இடத்தில் ஏறாது. ஜிமெயிலில் இணைப்பின் எல்லை 25 எம்பி. அதைவிடப் பெரிய கோப்பைக் கூகுள் ட்ரைவில் போட்டு அதன் லிங்கை அனுப்புங்கள். போனிலுள்ள மூலக் கோப்பை அழிக்கவேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்பப் பெற்ற பிரதியில் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் பெரும்பாலும் இருக்காது.

மின்சாதனம் என்றால் பிளக்கைச் செருகுமுன் அடியிலுள்ள வோல்டேஜ் லேபலை வீடியோவில் காட்டுங்கள். நமது மின்சாரம் 230 வோல்ட். 110 வோல்ட் பொருளை மாற்றி அனுப்பியிருந்தால், செருகியதும் எரிந்துபோகும். பிறகு பரிசோதனைக் கூடத்தில் “பாவனையாளரால் ஏற்பட்ட சேதம்” என்று எழுதிவிடுவார்கள். லேபலில் 110 என்று கண்டால் செருகாமலே திருப்பி அனுப்பலாம். அதுவே போதுமான காரணம்.

அதிகம் ஏமாற்றப்படுவது பென் ட்ரைவிலும் மெமரி கார்டிலும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் திகதி தவறிப்போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரு டெராபைட் என்று நம்பமுடியாத விலைக்கு விற்கும் பென் ட்ரைவுக்குள் பல நேரம் 32 அல்லது 64 ஜிபி சிப்தான் இருக்கும். உள்ளே உள்ள கொன்ட்ரோலரின் மென்பொருளை மாற்றி, கணினிக்கு 1 டிபி என்று சொல்லவைத்திருக்கிறார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பியபின்னும் கோப்புகள் ஏறுவதுபோலவே தெரியும். ஆனால் அவை எங்கும் பதிவதில்லை, அல்லது பழையவற்றின் மேலேயே எழுதப்படுகின்றன. வாங்கியவர் கல்யாணப் படங்களைப் போட்டுவைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் படம் திறக்கவில்லை என்று அறிகிறார். அதற்குள் ரிட்டர்ன் காலம் போய்விட்டது.

வந்த அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச விண்டோஸ் மென்பொருளால் சோதியுங்கள். அது 1 ஜிபி அளவிலான கோப்புகளாக எழுதி, பின் அவற்றைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்கும். முழு 1 டிபியையும் எழுதவிட்டால் ஒரு நாளுக்கு மேலும் போகலாம், ஆகவே எழுதவேண்டிய அளவை நீங்களே குறிப்பிட்டு 130 ஜிபி அளவில் நிறுத்துங்கள். உள்ளே 32, 64 அல்லது 128 ஜிபி சிப் என்றால் அதற்குள் பிடிபட்டுவிடும். முடிவில் எவ்வளவு சரி, எவ்வளவு பழுதானது என்று வரும் அறிக்கையை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். “பென் ட்ரைவ் வேலைசெய்யவில்லை” என்று எழுதினால் “போர்மட் செய்து பாருங்கள்” என்பார்கள். “1 டிபி என்று விற்றது, 31 ஜிபிக்குமேல் தரவு பதியவில்லை, அறிக்கை இணைப்பில்” என்று எழுதினால் அந்தப் பதிலைத் தரமுடியாது.

இனிச் சட். ரிட்டர்ன் காரணம் கேட்கும் இடத்தில் “மனம் மாறிவிட்டது” என்பதைத் தெரிவுசெய்யவே வேண்டாம். அதைத் தெரிவுசெய்தால் பெரும்பாலான கடைகள் முத்திரை உடையாத பெட்டியைக் கேட்கும், அனுப்பும் செலவும் உங்கள் தலையில் விழும். “பழுது” அல்லது “விளம்பரத்தில் சொன்னபடி இல்லை” என்பதைத் தெரிவுசெய்யுங்கள். முதலில் பதில் சொல்வது இயந்திரம். முகவருடன் பேசவேண்டும் என்று நேரடியாக எழுதினால் ஆள் வருவார். அந்த ஆளுக்கு ஒரே செய்தியில் எல்லாவற்றையும் கொடுங்கள்:

“ஓடர் இலக்கம் இது. இந்தத் திகதியில் கிடைத்தது. விளம்பரத்தில் சொன்னது இது, வந்தது இது. வீடியோவும் ஸ்கிரீன்ஷொட்டும் இணைப்பில். பொருளைத் திருப்பி எடுத்து, நான் கட்டிய வழியிலேயே முழுத் தொகையையும் தரவேண்டும். டிக்கெட் (முறைப்பாட்டுப் பதிவு) இலக்கத்தை இப்போதே தாருங்கள்.”

தமிழில் எழுதுங்கள், கீழே அதையே ஆங்கிலத்திலும் போடுங்கள். தமிழ் வாசிக்காத முகவரிடம் போய்ச் சேர்ந்தால் சம்பந்தமில்லாத தயார்ப் பதில் வந்து ஒரு நாள் வீணாகும். சட் ஜன்னலை மூடுமுன் உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அன்றே அதன் சுருக்கத்தைக் கடையின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். சட்டில் பேசியது அவர்களுடைய செயலிக்குள் மட்டும் இருக்கிறது. கணக்கை முடக்கினால் அதுவும் போய்விடும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு பதிவைச் செல்லாது என்று தள்ளமுடியாது. ஆகவே மின்னஞ்சலைச் சின்ன விஷயமாக நினைக்கவேண்டாம்.

பதில் எழுதாமல் விட்டால் டிக்கெட் தானாகவே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிக்கொள்ளும். புதிய டிக்கெட் திறந்தால் கதை முதலிலிருந்து தொடங்கும். பழைய டிக்கெட்டிலேயே “பிரச்சினை இன்னும் தீரவில்லை” என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். தொலைபேசியில் பேசினால் பேசியவரின் பெயர், நேரம், சொன்ன திகதி மூன்றையும் குறித்து மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள்.

ரிட்டர்ன் அனுமதி வந்ததும் லேபலை ஏ4 தாளில் 100 வீதம் அளவில் அச்செடுங்கள். சுருக்கி அச்செடுத்தால் பார்கோட் ஸ்கான் ஆகாது. பார்கோடின் மேல் பளபளப்பான டேப் ஓடக்கூடாது, பெட்டியின் விளிம்பில் மடியவும் கூடாது. கம்பனிப் பெட்டியின் மேலேயே லேபலை ஒட்டினால் “பொதி சேதம்” என்று நிராகரிப்பார்கள். வேறு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பழைய வேபிலை மறைத்துவிடுங்கள். சார்ஜர், வயர், இலவசமாக வந்த சாமான் எல்லாம் உள்ளே போகவேண்டும். மூடுமுன் ஒரு படம், மூடியபின் தராசில் வைத்து ஒரு படம். கூரியர் கவுண்டரில் திகதியும் வேபில் இலக்கமும் உள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் பார்சலைக் கொடுத்துவிட்டு வரவேண்டாம். “பிறகு ஸ்கான் செய்வோம்” என்று வாங்கிவைத்த பார்சல் காணாமல் போனால், அனுப்பியதற்கே ஆதாரம் இருக்காது. மூதூரிலிருந்து பஸ்ஸேறி வந்து கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்கவேண்டும்.

ரிஃபண்ட் கட்டத்தில் எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை, பெயர். செயலி முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கிறது. நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு எழுதுகிறோம். கல்யாணமான பெண்கள் சிலவேளை கணவன் பெயரைப் போடுகிறார்கள். வங்கிப் புத்தகத்தில் இருப்பதோ பிறப்புச் சான்றிதழ்ப் பெயர். பொருள் வந்தபின் காசு கொடுத்த ஓடர்களுக்கு ரிஃபண்ட் பெரும்பாலும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பெயர் பொருந்தாவிட்டால் தொகை திரும்பிப் போய்விடக்கூடும், கடையின் பதிவில் மட்டும் “செலுத்தப்பட்டது” என்றிருக்கும். ஓடர் போடும்போதே வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைப் போடுங்கள்.

கார்டில் கட்டியவருக்கு “ரிஃபண்ட் அனுப்பியாயிற்று, வங்கியைக் கேளுங்கள்” என்பார்கள். வங்கி “எங்களுக்கு வரவில்லை” என்னும். இந்த இழுபறியை வெட்ட ஒரு வழி உண்டு. கடையிடம் ஏஆர்என் (ARN) இலக்கத்தைக் கேளுங்கள். கார்ட் வலையமைப்பில் ஒவ்வொரு ரிஃபண்டுக்கும் 23 இலக்கம் கொண்ட அந்த எண் இருக்கும். அதை வைத்து உங்கள் வங்கி தொகையைத் தேடமுடியும். எண்ணைத் தரமுடியாவிட்டால் ரிஃபண்ட் இன்னும் அனுப்பப்படவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். வவுச்சராகத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததாகவே வங்கியும் எடுத்துக்கொள்ளும்.

கடை கைவிரித்தால் வங்கிக் கிளையில் டிஸ்பியூட் (கொடுப்பனவை மறுக்கும்) படிவம் கேளுங்கள். பொருள் வரவில்லை, சொன்னபடி இல்லை, ஒப்புக்கொண்ட ரிஃபண்ட் வரவில்லை என்பவற்றில் உங்களுக்குரிய காரணம் ஒன்றை மட்டும் தெரிவுசெய்து, ஓடர் விவரம், விளம்பரப் பக்கத்தின் படம், மின்னஞ்சல்கள், கூரியர் பற்றுச்சீட்டு ஆகியவற்றைத் திகதி வரிசையில் இணையுங்கள். முதலில் கடையிடம் கேட்டதற்கான ஆதாரத்தை வங்கி எதிர்பார்க்கும். டிஸ்பியூட் போட்டால் கடை உங்கள் கணக்கை முடக்கக்கூடும். அதில் வேறு வவுச்சர் மீதி இருந்தால் முன்பே பாவித்துவிடுங்கள். வங்கி எழுத்து முறைப்பாட்டுக்கும் அசையாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தின் 1935க்கு அழைக்கலாம். கையில் காசு கொடுத்தவர்களுக்கும் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வைப்புச் செய்தவர்களுக்கும் இந்த வழி கிடையாது. அதனால்தான் புதிய கடையில் முதல் ஓடருக்குக் கார்டே பாதுகாப்பு என்று சொல்கிறோம்.

இந்தக் கட்டத்தில் “ரிஃபண்ட் தருகிறோம், போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்” என்று அழைப்பு வந்தால் உடனே போனை வையுங்கள். காசு வருவதற்கு ஓடிபி தேவையே இல்லை. சொல்லிவிட்டிருந்தால் முதலில் வங்கியை அழைத்துக் கார்டை நிறுத்துங்கள்.

மிச்சமிருப்பது அதிகார சபை. 1977க்கு அழைத்து விவரம் கேட்கலாம், ஆனால் 13ஆம் பிரிவின்கீழ் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். சபைக்கு மாவட்ட அலுவலகம் திருகோணமலையிலும் இருப்பதால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. கடிதம் ஒரு பக்கம் போதும்: விற்பனையாளரின் பெயர், பதிவு முகவரி, ஓடர் திகதி, தொகை, பழுது, கேட்பது. வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் சபையால் அவரைக் கூப்பிடமுடியாது; இலங்கையில் பதிவான கடை என்றால் இரு தரப்பையும் விசாரித்து, பொருளை மாற்றித்தரவோ காசைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் அதற்குண்டு. பொருள் இன்னும் உங்கள் கையில் இருந்தால், விசாரணை முடியும்வரை அதைப் பெட்டியோடும் வேபிலோடும் அப்படியே வைத்திருங்கள். விசாரணைக்கு அதையும் மூலப் பற்றுச்சீட்டுகளையும் கொண்டுபோய், பிரதிகளை மட்டும் ஒப்படையுங்கள்.