மூன்று சிரட்டையும் ஒரு பனங்கட்டிக் குட்டானும்

எங்கள் வாசிகசாலைத் திண்ணையில் பின்னேரம் கூடினால் முதலில் அரசியல். அது சூடேறினால் நொடி, அதாவது விடுகதை. சண்டை இரண்டிலும் வரும்தான், ஆனால் நொடிச் சண்டைக்கு அடுத்தநாள் முகம் பார்த்துக் கதைக்கலாம்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆறு கடத்துகிற பழைய கணக்கு எங்களிடம் எடுபடவில்லை. "வழுக்கியாறெண்டால் கோடையிலை நடந்தே போகலாமே" என்று ஓட்டோ அண்ணை ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

அதனால் மாஸ்டர் மூன்று சிரட்டையைக் கவிழ்த்தார். ஒன்றுக்குள் பனங்கட்டிக் குட்டான், ஓலைப் பெட்டியில் வார்த்த பனைவெல்லம். எதற்குள் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் ஒன்றைத் தொட, மற்ற இரண்டில் வெறும் சிரட்டை ஒன்றைத் திறந்து காட்டிவிட்டுக் கேட்பார்: "மாறப்போறீரோ?"

"மிச்சம் ரெண்டு. அரைக்கு அரை. பேந்தென்னத்துக்கு மாறுவான்?" இது அண்ணை.

முதலில் தொட்டது சரியாயிருக்க மூன்றில் ஒரு வாய்ப்புத்தான். பிழையாயிருக்க இரண்டு. பிழையான நேரமெல்லாம் வெறும் சிரட்டையை மாஸ்டரே விலக்கிவிடுகிறாரே, மாறினவனுக்குக் குட்டான்! பாங்கில் வேலை செய்கிற தம்பி மாறி மாறி வென்றுகொண்டிருந்தான். அண்ணை பிடித்த சிரட்டையை விடவில்லை. கட்சிகூட மாறாத மனுசன்.

"நூறு சிரட்டை எண்டு நினையும். நீர் ஒண்டைத் தொட, நான் தொண்ணூத்தெட்டைத் திறந்து காட்டுறன்..."

"தேங்காய் விக்கிற விலையிலை நூறு சிரட்டைக்கு எங்கை மாஸ்டர் போறது?"

மாஸ்டர் விடவில்லை. 1990இல் அமெரிக்காவில் மரிலின் வொஸ் சவாண்ட் என்ற பெண்மணி 'பரேட்' சஞ்சிகையில் இதே மாதிரிக் கணக்குக்கு மாறுவதுதான் நல்லது என்று எழுதப்போக, 10,000 அளவில் கடிதங்கள் வந்து குவிந்த கதையைச் சொன்னார். பெரும்பாலானவை "பிழை" என்றுதான். எழுதினவர்களில் கிட்டத்தட்ட 1,000 பேர் கலாநிதிப் பட்டக்காரர். போல் ஏர்டிஷ் என்ற கணித மேதையே, கணினியில் ஓட்டிக் காட்டும்வரை நம்பவில்லையாம்.

"அப்ப நான் பெரிய ஆக்களோடைதான் நிக்கிறன்" என்று அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார்.

பிறகு தானே ஒளிக்கிறேன் என்று வெளிக்கிட்டார். ஒளித்த இடத்தை மறந்து குட்டானிருந்த சிரட்டையையே திறந்துவிட்டார். "திறக்கிற ஆளுக்கு எங்கை கிடக்கெண்டு தெரியவேணும் ஐசே! இல்லாட்டில் என்ரை கணக்கே நிக்காது" என்று மாஸ்டர் தலையில் கைவைத்தார்.

கடைசி ஆட்டம். மாஸ்டர் ஒளித்தார். தேத்தண்ணி வந்தது, குடித்தோம். அண்ணை தொட்டார். மாஸ்டர் ஒன்றைத் திறந்தார், வெறும் சிரட்டை. அண்ணை மாறவில்லை. திறந்தால் அதுவும் வெறுமை. மற்றதைத் திறந்தால் அங்கேயும் ஒன்றுமில்லை! பக்கத்தில் பேப்பர் பார்க்கிற சாட்டில் இருந்த பெடியன் கையை நக்கிக்கொண்டிருந்தான்.

"பாத்தியளே மாஸ்டர்! மாறினாலும் ஒண்டு, மாறாட்டிலும் ஒண்டு!" என்று அண்ணை எழும்பி நின்று கைதட்டினார்.