கோடை நிரலாக்கப் பயிலரங்கு: ஒரு பயிற்றுநரின் நாட்குறிப்பு

மே 5, திங்கள்

22 மாணவர்கள் வந்திருந்தனர். ஒழுங்காக ஓடிய கணினிகளோ 19. மூன்று மேசைகளில் இருவர் இருவராக அமர வைத்தேன். நாள் முழுவதும் அந்த மூன்று மேசைகளிலிருந்துதான் அதிகக் கேள்விகள் வந்தன.

பைத்தான் மொழியில் இரண்டு எண்களைக் கூட்டுவது முதல் பயிற்சி. 5, 7 ஆகியவற்றைக் கொடுத்த மாணவி ஒருத்திக்கு 57 என்று விடை வர, "சார், இந்தக் கணினிக்குக் கூட்டல் தெரியவில்லை" என்றாள். விளக்க வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டு, எண்களுக்குப் பதிலாகத் தன் பெயரையும் தோழியின் பெயரையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இரு பெயர்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. விசைப்பலகையில் தட்டியது எதுவானாலும் பைத்தான் அதை எழுத்துச் சரமாகவே வாங்கிக்கொள்கிறது என்பதை அவளே கண்டுபிடித்து, முழு எண்ணாக மாற்றும் வரியையும் சேர்த்துவிட்டாள்.

மே 6, செவ்வாய்

வாய்பாடு அச்சிடும் நிரல். 1 முதல் 10 வரை என்று எழுதினால் மடக்கு (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் பகுதி) 9-இலேயே நின்றுவிடுவதைப் பலரும் பார்த்துத் திகைத்தனர். ஒருவன் 10-ஐ 11 ஆக்கிச் சரிசெய்தான். ஏன் என்று கேட்டதற்கு, "போட்டுப் பார்த்தேன், வந்தது" என்றான். நேர்மையான பதில்தான்.

மே 8, வியாழன்

மாணவர் 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை நினைக்க, கணினி ஒவ்வொரு முறையும் நடு எண்ணைச் சொல்லி, நினைத்தது அதைவிடப் பெரிதா சிறிதா என்று கேட்டு, மீதியில் பாதியைக் கழித்துவிடும் விளையாட்டை எழுதினோம். ஏழு முறைக்கு மேல் கேட்கத் தேவையில்லை என்றபோது எவரும் நம்பவில்லை. ஒரு மேசையில் 50, 75 என்று கொடுத்தவரை நிரல் சமர்த்தாக ஓடியது; 100-ஐ நினைத்ததும் திரையில் 99, 99, 99 என்று நிற்காமல் கொட்டத் தொடங்கியது. கீழெல்லையை நடு எண்ணுக்கு அடுத்த எண்ணாக வைக்காமல் நடு எண்ணாகவே வைத்திருந்தார்கள். விசைப்பலகையை நோக்கி என் கை இருமுறை போனது, கையைக் கட்டிக்கொண்டேன். தாளில் எல்லைகளை வரிவரியாக எழுதிப் பார்த்து, அரை மணி நேரத்தில் அந்த ஒன்றைக் கூட்டிவிட்டார்கள்.

மே 9, வெள்ளி

திருப்பி வாசித்தாலும் மாறாத சொல்லைக் கண்டறியும் நிரல். ஆங்கிலச் சொற்களுக்கு நன்றாக ஓடியதைத் தமிழில் சோதிக்க ஆசைப்பட்ட ஒருவன் "விகடகவி" என்று கொடுத்தான். மாலைமாற்று இல்லை என்றது நிரல்! திருப்பிய சரத்தை அச்சிட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் ஓர் இகரக் கொக்கி ஒட்ட இடமில்லாமல் நிற்க, அதன்பின் "வகடகிவ" என்றிருந்தது. நீளம் கேட்டதற்கு 5 அல்ல, 7 என்றது. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் முறையான யூனிகோடில் "வி" என்பது வகரமும் இகரக் குறியும் ஆகிய இரு குறியீடுகள் என்பதை இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

பிறகு வகுப்பே அதில் இறங்கிவிட்டது. உயிர்க்குறிகள் 11, புள்ளி 1, ஆகப் பன்னிரண்டையும் ஒரு பட்டியலில் வைத்து, அவற்றில் ஒன்று வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட்டு, அதன்பின் திருப்புவது என்று முடிவாயிற்று. "விகடகவி" தேறியது, "தேருவருதே" என்பதும் தேறியது. மணியடித்த பிறகும் எழாமலிருந்த முதல் நாள் மாணவி, "க்ஷ என்பதை ஓரெழுத்தாகக் கொள்வதா, இரண்டாகவா?" என்று கேட்டாள். திங்கள்கிழமை வரை அவகாசம் வாங்கிக்கொண்டேன்.