யார் பார்க்கலாம் என்பதை அவர்களே சொன்னார்கள்

ஒரு பழங்குடிச் சமூகத்தோடு சேர்ந்து அரை மணி நேர ஆவணப்படம் ஒன்றை முடித்திருக்கிறோம். கூடவே ஒரு புகைப்படத் தொகுப்பும் இருக்கிறது. இந்த வேலையில் இறங்க நினைக்கிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் எந்த கேமரா, எந்த லென்ஸ் என்றுதான் கேட்கிறார்கள். அது கடைசிக் கவலை. அனுமதி வாங்குவது, எதை எடுப்பது என்று முடிவு செய்வது, எடுத்ததை யார் வைத்துக்கொள்வது என்று பேசித் தீர்ப்பது, இவற்றில்தான் முக்கால்வாசிக் காலம் போகிறது. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். மக்கள் யார், ஊர் எது என்று சொல்லப் போவதில்லை. அது அவர்கள் போட்ட முதல் நிபந்தனை. ஊர்ப் பெயர் வெளியே தெரிந்தால் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்து இறங்கிவிடுகிறார்களாம்.

அரசாங்க அனுமதி நாட்டுக்கு நாடு மாறும். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நுழைய ஒரு கடிதம், டிரோனுக்கு இன்னொன்று என்று அலைச்சல்தான், ஆனால் ஒருநாள் முடிந்துவிடும். சில இடங்களில் அந்தக் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது. அந்தமானில் ஜாரவா மக்களைப் படம் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். வெளியாட்களின் தொடர்பே வேண்டாம் என்று இருப்பவர்களை 'விழிப்புணர்வு' என்ற பெயரில் எட்டிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மக்களிடம் வாங்கும் ஒப்புதல் வேறு விஷயம். 2007 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்தின் 31ஆவது பிரிவு, தங்கள் பண்பாட்டு மரபையும் அதன் மீதான அறிவுசார் சொத்துரிமையையும் கட்டுப்படுத்தும் உரிமை அவர்களுக்கே உண்டு என்கிறது. படிக்க எளிது. களத்தில் அது எப்படி இருக்கும் என்பது முதல் கூட்டத்தில் தெரிந்தது. நாங்கள் என்ன படம் எடுக்கப் போகிறோம் என்பதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இதில் வரும் பணம் யாருக்கு, எங்கெங்கே காட்டுவீர்கள், படத்தில் வருகிறவர் இறந்துபோனால் என்ன செய்வீர்கள், இவைதான் கேள்விகள். 1966இல் அமெரிக்காவின் அரிசோனாவில் சால் வொர்த், ஜான் அடேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நவஹோ மக்களிடமே 16 மி.மீ. கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னபோது, இதனால் எங்கள் ஆடுகளுக்கு ஏதாவது நன்மை உண்டா என்று ஒரு பெரியவர் கேட்டாராம். எத்தனை பக்க விண்ணப்பம் எழுதினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பதில் இப்படி முடிந்தது. விருதுப் பணம், திரையிடல் கட்டணம் எல்லாம் ஊர்ப் பொதுநிதிக்கு. கையெழுத்துப் படிவம் கிடையாது. ஒப்புதலை அவரவர் மொழியில் பேசியே பதிவு செய்தோம். ஒவ்வொரு நாளும் கேமராவை எடுக்கும் முன் மறுபடி கேட்போம். இறுதி வடிவம் முடிகிற வரை யார் வேண்டுமானாலும் தன் காட்சியைத் திரும்பப் பெறலாம். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டால் தயாரிப்பாளர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எங்களுக்கும் கலக்கியது.

அப்புறம் எடுக்கக் கூடாதவற்றின் பட்டியல் வந்தது. இடுகாடு, மூலிகை பறிக்கும் இடங்கள், சாவு வீட்டில் மட்டும் பாடும் ஒரு பாட்டு. மூலிகை விஷயத்தில் கேமராவைத் தள்ளி வைத்தால் மட்டும் போதாது. இன்றைய போன்களும் பல கேமராக்களும் படத்துக்குள்ளேயே எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். ஆயத்தொலைவுகளை எழுதிவிடுகின்றன. அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். வெளியே கொடுக்கும் ஒவ்வொரு கோப்பிலும் அந்தத் தகவல் நீங்கியிருக்கிறதா என்று திறந்து பார்க்கவும் வேண்டும்.

பெரிய வாக்குவாதம் வந்தது பிளாஸ்டிக் நாற்காலியால். நவீனப் பொருள்களைக் காட்டுவதா, மறைப்பதா என்பது இந்தத் துறைக்குப் பழைய தலைவலி. வட அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றி 1907 முதல் 1930 வரை இருபது தொகுதிகள் வெளியிட்ட எட்வர்ட் கர்ட்டிஸ், பிகன் மக்களின் கூடாரத்துக்குள் எடுத்த ஒரு படத்தில் இருவருக்கு நடுவே இருந்த கடிகாரத்தை அச்சில் அழித்துவிட்டார். 1922இல் வெளியான தன் ஆவணப்படத்துக்காக ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி, துப்பாக்கி பயன்படுத்திக்கொண்டிருந்த கனடாவின் வடகோடி இனுயிட் மக்களை ஈட்டியால் வேட்டையாட வைத்துப் படம் பிடித்தார். இதையெல்லாம் படித்துவிட்டு, இருப்பதை இருக்கிறபடியே காட்டுவோம் என்ற உறுதியோடுதான் போயிருந்தேன். போனால், நாற்காலியையும் தகரக் கூரையையும் மறைக்கச் சொன்னது ஊர்ப் பெரியவர்கள்! செல்போனோடு காட்டினால் இவர்கள் பழங்குடியே இல்லை என்று நிலப் பட்டா வழக்கில் எதிர்த்தரப்பு சொல்லும் என்பது அவர்கள் பயம். இளைஞர்களோ, மறைத்தால் நாங்கள் இல்லாத மாதிரி ஆகிவிடும் என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பாட்டிதான் வழி சொன்னார்: சடங்குக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுத்தானே போகிறோம், அங்கே அப்படியே எடுக்கட்டும்; வீட்டில் வீடு எப்படி இருக்கிறதோ அப்படி எடுக்கட்டும். அதோடு, நிலம் யாருடையது என்பதற்கும் கையில் என்ன வைத்திருக்கிறோம் என்பதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே கேமரா முன் பேசினார். படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

பாதிப் படத்தை ஊர் இளைஞர்கள் எடுத்தார்கள். ஃபோகஸ், வெளிச்சம், ஒலி என்று அடிப்படைகளைச் சொல்லிக் கொடுத்தோம்; மீதியை அவர்களே பிடித்துக்கொண்டார்கள். எடுத்துவந்ததைப் பார்த்தால் நடை, நடை, ஒரே நடை. எனக்குக் கை பரபரத்தது, வெட்டிவிடலாம் என்று. நவஹோ மக்கள் எடுத்த படங்களிலும் நடப்பது நீளமாக வந்ததை அந்த ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். நமக்கு நடை என்பது இரண்டு காட்சிகளை ஒட்டுகிற பசை; அவர்களுக்கு நடையே நிகழ்ச்சி. வெட்டவில்லை. ஒரு விழாத் தேர்வுக் குழு 'தொய்வு' என்று எழுதி அனுப்பியது. சரி, இருக்கட்டும்.

ஒலிக்குத் தனி ரெக்கார்டர் வையுங்கள். காட்சி மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் நாளைக்கு அந்த மொழியைப் படிக்க வருகிற பேரப்பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது.

படத்தின் முதல் தொகுப்பை ஊரில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினோம். பிரேசிலில் பழங்குடிகளோடு சேர்ந்து வீடியோ எடுக்க 1986இல் தொடங்கிய 'வீடியோ நாஸ் அல்டேயாஸ்' (ஊர்களில் வீடியோ) இயக்கத்தின் தொடக்கக் காலத்தில், தங்கள் சடங்கைத் திரையில் பார்த்த நம்பிக்வாரா மக்கள் அது திருப்தி இல்லை என்று மறுபடி நடத்தினார்கள். விட்டுப்போயிருந்த மூக்கு, உதடு குத்தும் வழக்கத்தையும் அப்போது மீட்டெடுத்தார்கள். எங்கள் ஊரில் அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பாட்டில் ஓர் அடி தவறு என்று இரண்டு கிழவர்கள் சண்டை போட்டார்கள், அதையும் பதிவு செய்தோம். தொகுப்பு நடக்கும்போதே படத்தில் வரும் ஒருவர் காலமானார். முதல் கூட்டத்தில் பேசி வைத்திருந்ததால் குடும்பத்திடம் என்ன கேட்பது என்று தடுமாறவில்லை. குரல் இருக்கட்டும், துக்கக் காலம் முடிகிற வரை முகம் வேண்டாம் என்றார்கள். அதுவரை வெளியீட்டைத் தள்ளி வைத்தோம்.

படக்குறிப்பு எழுதும்போது இன்னொரு இழுபறி. விழாக்களுக்கு 'கடைசித் தலைமுறை' மாதிரி சோகம் பிடிக்கும். ஒரு பண்பாடு தானாக மறைவதில்லை. நிலத்தை யார் எடுத்தது, காட்டுக்குள் போக யார் தடை போட்டது, பள்ளியில் எந்த மொழியில் பேசினால் பிள்ளைக்கு அடி விழுந்தது என்று சொல்லாவிட்டால் பார்க்கிறவர் அழுதுவிட்டு எழுந்து போய்விடுவார். எங்கள் குறிப்பு நில வழக்கில்தான் தொடங்குகிறது.

மூலப் பதிவுகள் எல்லாம் ஊர்ப் பள்ளியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கின்றன. என்னிடம் காப்புப் பிரதி மட்டும். பட்டியலிட 'முகுர்த்து' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவானது அது. எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்று சமூகமே தீர்மானிக்கலாம். பெண்கள் மட்டும், இந்தப் பருவத்தில் மட்டும் என்றெல்லாம் குறிக்க 'லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்' அமைப்பின் மரபறிவு அடையாளச் சீட்டுகள் உண்டு. அவற்றுக்குச் சட்டபூர்வமான வலு இல்லை, ஆனால் அந்நியர் ஒருவர் கோப்பைத் திறந்ததும் விதி கண்ணில் படுகிறது.

முழுப் படம் இப்போதைக்கு இணையத்தில் இல்லை. விழாக்களிலும், கேட்கிற கல்லூரிகளிலும் காட்டலாம்; ஊரிலிருந்து ஒருவர் கூட வர வேண்டும், அவர் பயணச் செலவை அழைப்பவர் ஏற்க வேண்டும். அடுத்த ஊர்க்கூட்டத்தில் இந்த விதிகளை மறுபடி எடுத்துப் பேசப் போகிறார்கள். இளைஞர்கள் யூடியூபில் போட வேண்டும் என்கிறார்கள், பாட்டி கூடாது என்கிறார்.